தண்டில் தமிழ் பேசிய பாதிரியார்

பெங்களூர்த் தமிழர் என்றாலே, பிழைக்க வந்தவர்கள் என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டு வரும். ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரிடமும் 'சொந்த ஊர் எது?' என்று கேட்கிறார்கள். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைக் காட்டினால், 'அது சோழர் காலக் கதை' என்று ஒதுக்கிவிடலாம். எலைஜா ஹூலை அப்படி எளிதில் ஒதுக்க முடியாது.

1798இல் பிறந்த ஹூல், மான்செஸ்டரில் காலணி தைப்பவர் ஒருவரின் மகன். வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் சென்னைக்கு அனுப்பிய அவர் ஏறிவந்த கப்பலின் பெயர் 'தஞ்சாவூர்'. 1820 செப்டம்பரில் இலங்கைக் கரையருகே மின்னல் தாக்கிக் கப்பல் எரிந்தது. ஹூல் பிழைத்தார், கொண்டுவந்த நூல்கள் அத்தனையும் போயின. அப்படி வெறுங்கையோடு வந்திறங்கியவரை 1822இலேயே தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில்! அவருடைய உழைப்பை மெச்சலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. மிஷன் வரலாறுகளில் பாதிரியார்களுக்கு வாழ்க்கைக் குறிப்பு உண்டு. சொல்லிக்கொடுத்த முன்ஷிகளுக்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை.

இதற்கு நடுவே, 1821இல், ஜேம்ஸ் மோவாட் என்ற சக ஊழியரோடு அவர் பெங்களூர் வந்தார். மைசூர் மன்னரின் சீமை, பேட்டையில் கன்னடம். அப்படியிருக்க மெதடிஸ்ட் ஊழியம் தமிழில் தொடங்கியது ஏன்? காரணம் தண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், 1809இல் ஆங்கிலேயர் இங்கே ராணுவக் குடியிருப்பை நிறுவினர். மதராஸ் படை வந்தது. அதன் பின்னாலேயே சமையல்காரர், குதிரைக்காரர், கொத்தனார், கடைக்காரர் என்று தமிழ் நாட்டுச் சனமும் வந்தது. தண்டில் ஆள் சேர்க்க வேண்டுமானால் தமிழ் பேசியாக வேண்டும். பாதிரியாருக்கு இதில் தமிழ்ப் பற்று ஒன்றும் இல்லை; கேட்கிறவர் மொழியில் பேசினார், அவ்வளவுதான். அதனாலேயே, தமிழர் அன்றே இங்கே இருந்தார்கள் என்ற இந்தச் சாட்சியத்துக்கு எடை அதிகம்.

கன்னட ஊழியம் 1830களில்தான் தாமஸ் ஹாட்சன் போன்றவர்களால் வேரூன்றியது. 1839இல் வந்து குப்பியில் பணியாற்றிய வில்லியம் ஆர்தர் அதைப் பற்றி நூலே எழுதினார். பின்னாளில் மைசூரில் வெஸ்லியன் அச்சகம் எழுந்தது. கன்னட அச்சுக்கும் இதழியலுக்கும் மெதடிஸ்டுகள் செய்தது பெரிய வேலை. வரலாறு அதைக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் முதல் அத்தியாயம் விடுபட்டுப்போகிறது.

ஹூல் 1828இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே தன் தென்னிந்திய அனுபவத்தை நூலாக்கினார். 1844இல் அது 'மதராஸ், மைசூர், தென்னிந்தியா' என்ற பெயரில் மறுபதிப்பு கண்டது. 1836 முதல் 1872இல் இறக்கும்வரை லண்டனில் மிஷன் சங்கச் செயலாளர்களில் ஒருவர். களத்தில் எட்டு ஆண்டு, மேசையில் முப்பத்தாறு ஆண்டு! தென்னிந்தியாவை அறிந்தவர் என்ற அவருடைய பெயருக்கு அந்த எட்டு ஆண்டுதான் முதல். நூலிலும் மதம் மாற்ற வந்தவரின் கண்தான் பார்க்கிறது. கோயிலைப் பற்றி அவர் சொல்வதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் 1820களின் தண்டை நேரில் பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர்?

தடம் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு சொல். இன்று 'மெதடிஸ்ட்' பலகை தாங்கும் பெங்களூர்த் தேவாலயங்களும் 1880இல் தொடங்கிய பால்ட்வின் பள்ளிகளும் அமெரிக்க மெதடிஸ்ட் வழி வந்தவை. ஹூலின் வெஸ்லியன் சபை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்துவிட்டது. தேட வேண்டியது அங்கேதான்.

அல்சூரில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்: அந்த நூலில் பெங்களூர் வரும் பக்கங்களையாவது, தக்க அடிக்குறிப்புகளோடு, மலிவு விலையில் தமிழில் அச்சிட்டுத் தாருங்கள்.