குழந்தைகளின் கழுத்திலிருந்து டையைக் கழற்றுங்கள்!

2023ஆம் ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் திறக்க வேண்டிய தமிழ்நாட்டுப் பள்ளிகள், வெயிலின் கொடுமை காரணமாக இரண்டு முறை தள்ளி வைக்கப்பட்டு, 12ஆம் தேதிதான் திறந்தன. 2024ஆம் ஆண்டிலும் 6ஆம் தேதி என்று அறிவித்து, பிறகு 10ஆம் தேதிக்கு மாற்றினார்கள். வெயில் குழந்தைகளை வாட்டுகிறது என்பதை சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது. நல்லது. ஆனால் பள்ளி திறந்த அன்று காலையில் வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் அடைத்துச் செல்லப்பட்ட குழந்தைகளைப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? கழுத்தில் டை. இடுப்பில் பெல்ட். முழங்கால் வரை நைலான் காலுறை. அதன் மேல் கறுப்புத் தோல் ஷூ. வெயிலுக்காகப் பள்ளிக்கூடத்தின் கதவு ஒரு வாரம் மூடப்பட்டதே தவிர, குழந்தையின் கழுத்துப் பொத்தான் ஒரு நாளும் திறக்கப்படவில்லை!

இது ஒரு சின்ன விஷயம், இதற்கெல்லாம் தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். சென்ற ஆண்டு ஜூன் மாதம் பீடித் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். அவருடைய மகன் படிக்கும் தனியார் பள்ளி கொடுத்த பட்டியல் அது. சாதாரண யூனிபாரம் இரண்டு செட். புதன்கிழமைக்கு வேறு நிறத்தில் பனியனும் வெள்ளைக் காற்சட்டையும். டை, பெல்ட், பாட்ஜ். கறுப்பு ஷூ ஒரு ஜோடி, வெள்ளை கான்வாஸ் ஒரு ஜோடி, இரண்டுக்கும் தனித்தனிக் காலுறை. எல்லாவற்றையும் பள்ளிக்கூடம் குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும். மூன்று வாரம் இடுப்பொடியப் பீடி சுற்றினாலும் அந்தத் தொகை தேறாது. அவர் வட்டிக்கு வாங்கி மற்றதையெல்லாம் வாங்கிவிட்டார். கான்வாஸ் ஷூவை மட்டும் விட்டுவிட்டார். அதற்காகப் பையனைப் புதன்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் தனியாக நிறுத்தினார்கள். "அடுத்த புதன்கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான், அண்ணே" என்றார் அந்தத் தாய்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. கூட்டத்தின் நடுவே ஒரு குழந்தையைத் தனியாக நிறுத்தி அவனுடைய தந்தையின் வறுமையை நூறு கண்களுக்குக் காட்டுவது மனத் துன்புறுத்தல் அல்லாமல் வேறென்ன? (இவர் ஏன் தனியார் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பது சுலபம். நமது கூட்டங்களிலேயே கேட்கிறார்கள். இங்கிலீஷ் தெரிந்தால்தான் பிழைக்க முடியும் என்ற பயத்தை அந்தத் தாயா உண்டாக்கினார்?)

இந்த வேஷம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1552ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியில் அநாதைக் குழந்தைகளுக்கும் ஏழைக் குழந்தைகளுக்கும் நீண்ட நீலக் கோட்டுக் கொடுத்தார்கள். தர்மத்தில் வளரும் பிள்ளை என்பதற்கு அது அடையாளம். பிற்காலத்தில் பிரபுக்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகள் யூனிபாரத்தைத் தங்கள் அந்தஸ்தின் சின்னமாக்கிக்கொண்டன. வெள்ளைக்காரன் அதைக் கப்பலில் ஏற்றி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கொண்டு வந்தான். குளிர் நாட்டுக்காரன் கழுத்தில் துணி கட்டிக்கொண்டதில் நியாயம் உண்டு. வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் அதற்கு என்ன நியாயம்?

அந்த இங்கிலாந்திலேயே இப்போது என்ன நடக்கிறது என்பதை நமது பள்ளி முதலாளிகள் கவனிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம், எக்ஸிடர் நகரில் ஒரு பள்ளியில், கடும் வெப்பத்தில் அரைக்கால் சட்டை அணிய அனுமதி மறுக்கப்பட்ட பையன்கள், விதிப் புத்தகத்தில் பாவாடைக்குத் தடை இல்லை என்று கண்டுபிடித்து, சகோதரிகளின் பாவாடையை உடுத்திக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டார்கள்! ஊரே சிரித்தது. அடுத்த ஆண்டு முதல் அரைக்கால் சட்டை அனுமதிக்கப்படும் என்று பள்ளி இறங்கி வந்தது. 2021இல் யூனிபாரத்தின் செலவு பற்றித் தனிச் சட்டமே அந்த நாட்டுப் பார்லிமெண்டில் நிறைவேறியது. எஜமானன் விட்டுவிட்டதை இங்குள்ள கணக்கப்பிள்ளை பிடித்துக்கொண்டு தொங்குகிறான்.

நம் நாட்டிலும் மேலிடத்துக்கு விஷயம் தெரியாமலில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதம் மத்திய கல்வி அமைச்சகம் வெயில் காலத்துக்காக ஒரு வழிகாட்டுக் குறிப்பை அனுப்பியது. டை அணியும் விதியைத் தளர்த்தலாம், தோல் ஷூவுக்குப் பதில் கான்வாஸ் ஷூ அணியலாம், உடம்பை இறுக்காத பருத்தி உடையே நல்லது என்று அதில் கண்டிருக்கிறது. தளர்த்த"லாம்"! ஒரு "லாம்" போட்டுவிட்டால் தனியார் பள்ளி நிர்வாகி எதையாவது தளர்த்துவானா? கீழ்க் கோர்ட்டுகளில் வாதாடும் வக்கீல்களுக்குக் கோடையில் கறுப்புக் கோட்டிலிருந்து விலக்கு உண்டு. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கவுன்சில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

அப்படியானால் யூனிபாரமே வேண்டாம், அவரவர் வீட்டில் உடுத்துவதை உடுத்தி வரட்டும் என்று சொல்லுகிறோமா? சில முற்போக்கு நண்பர்கள் அப்படித்தான் வாதாடுகிறார்கள். பள்ளிக்கூடம் பட்டாள முகாம் அல்ல, குழந்தையைச் சுதந்திரமாக விடுங்கள் என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. இதில் நாம் அவர்களிடமிருந்து வேறுபடுகிறோம்.

தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1958 முதல், கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஊர் மக்கள் கரும்பலகையும் பெஞ்சும் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சீருடையும் கொடுத்தார்கள். காமராஜர் ஆட்சியோடு நமது கட்சிக்கு எத்தனையோ சண்டைகள் இருந்தன. இந்தக் காரியத்தில் நன்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. கிழிந்த துணியோடு வரக் கூசிய பிள்ளை, பண்ணையார் பிள்ளையின் பக்கத்தில் அதே நிறச் சட்டையோடு உட்கார்ந்தான். பிறகு 1985இல் சத்துணவு சாப்பிடும் குழந்தைகளுக்கு இலவசச் சீருடைத் திட்டம் வந்தது. 2012-13 முதல் ஆண்டுக்கு 4 செட் என்று ஆயிற்று. இதைக் கைவிட்டு அவரவர் விருப்பம் என்று விட்டால் என்ன ஆகும்? ஜவுளிக்கடை முதலாளியின் பிள்ளை தினம் ஒரு புதுச் சட்டையில் வருவான். கட்டட வேலை செய்பவரின் பிள்ளை தீபாவளிச் சட்டையை அடுத்த தீபாவளி வரை போட்டுக்கொண்டு வருவான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது பணத்தைவிடக் கொடியது. திருநெல்வேலி வட்டாரத்தில் மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தோழர்கள் அறிவார்கள். சாதிக்கு ஒரு நிறம்! உடம்பு முழுவதும் ஒரே சீருடை இருந்தும், மீதியிருக்கும் இரண்டு அங்குல மணிக்கட்டில் சாதி புகுந்துகொண்டது. 2019ஆம் ஆண்டில் பள்ளிக் கல்வி இயக்குநர் இதைத் தடுக்கும்படி சுற்றறிக்கை அனுப்பினார். உடனே கூச்சல் கிளம்பியது, மந்திரி பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வண்ணக் கயிறு முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்தது. இரண்டு அங்குலத்திலேயே இவ்வளவு விபரீதம் என்றால், சட்டை முழுவதையும் அவிழ்த்துவிட்டால் எந்தச் சங்கத்தின் நிறம், எந்தத் தலைவரின் படம் பிள்ளைகளின் நெஞ்சில் ஏறும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆகவே பொது உடை வேண்டும். ஆனால் அந்தப் பொது உடை, உழைப்பாளி வீட்டுப் பிள்ளை வீட்டிலும் தெருவிலும் அன்றாடம் உடுத்தக்கூடிய உடையாக இருக்க வேண்டும். தளர்ந்த அரைக்கைச் சட்டை, காற்சட்டை அல்லது சுடிதார், காலுக்கு ஒரு ஜோடி செருப்பு. எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய, எந்தத் தையற்காரரும் தைக்கக்கூடிய துணி. பள்ளிக்கூடத்தின் பெயர் தெரிய வேண்டுமென்றால் ஒரு துண்டு பாட்ஜைச் சட்டைப்பையில் தைத்துக்கொள்ளட்டும்.

பெண் குழந்தைகளின் விஷயத்தில் இந்த அன்றாட உடை என்ன சாதித்தது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். முன்பு உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குப் பாவாடை, தாவணிதான். சர்க்கார் இலவச சைக்கிள் கொடுத்தது. தாவணி சங்கிலியில் மாட்டியது, பாவாடை காற்றில் பறந்தது. சுடிதார் வந்தபோது நமது பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கவே செய்தார்கள். இன்று அதே ஊர்களில் ஐந்து மைல், ஆறு மைல் என்று கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள் நம் பெண்கள். யாரும் சுளிக்கவில்லை. கேரளத்தில் பெரும்பாவூர் அருகே வளயன்சிறங்கரா அரசுத் தொடக்கப் பள்ளியில் 2018 முதல் ஆண் பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் காற்சட்டையும் சட்டையும்தான். ஓடலாம், தாண்டலாம், மரத்தில் ஏறலாம். குழந்தை என்றால் இதெல்லாம் செய்யத்தானே செய்யும்!

அதேபோல, சீருடை ஒரு குழந்தையை வெளியே தள்ளும் தடியாக மாறவும் அனுமதிக்க முடியாது. 2022ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் நடந்தது அதுதான். பிப்ரவரி 5ஆம் தேதி போட்ட சர்க்கார் உத்தரவைக் காட்டி, தலையில் துணி போட்டு வந்த முஸ்லிம் மாணவிகளைக் கல்லூரி வாசலிலேயே தடுத்தார்கள். மார்ச் 15ஆம் தேதி ஹைகோர்ட் உத்தரவை ஆதரித்தது. அக்டோபர் 13ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புச் சொன்னார்கள். சட்ட நுட்பத்தை வக்கீல்கள் பேசட்டும். வாசலில் நின்று அழுத பெண்ணின் படிப்புப் பாழாயிற்றே, அதற்கு யார் பதில் சொல்வது? சாதிக் கயிற்றைத் தடு என்று சொல்லும் நீங்கள் இதை மட்டும் ஏன் விடுகிறீர்கள் என்று சிலர் மடக்குகிறார்கள். சாதிக் கயிறு அடுத்தவனை அடிப்பதற்காகக் கட்டப்படுகிறது. இந்தப் பெண்ணின் துணி யாரையும் அடிக்கவில்லை. அடி வாங்கியது அவள்தான். சீருடை நிறத்திலேயே தலைத்துணி போட்டுக்கொள்ள அனுமதித்தால் எந்தக் குடியும் முழுகிவிடாது.

இனித் துணியின் விஷயம். சர்க்கார் கொடுக்கும் சீருடைத் துணியைக் கூட்டுறவு நெசவாளர் சங்கங்கள் நெய்கின்றன. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. இது நல்ல ஏற்பாடு. நமது சகோதரிகள் ஏராளமானோர் இதை நம்பி வாழ்கிறார்கள். ஆனால் துணியில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது, வேர்வையை உறிஞ்சுவதில்லை. முழுப் பருத்தி கேட்கலாமே என்று நாம் தாய்மார்களிடம் பேசினபோது, அவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்டார்கள்: "மழைக் காலத்தில் ராத்திரி துவைத்தால் காலையில் பருத்தி காயுமா? இஸ்திரிக்கு யார் காசு கொடுப்பது?" நியாயமான கேள்வி. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற நமக்கு இது தோன்றவில்லை. 4 செட் கிடைக்கிற பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் பாதி தீரும். இரண்டு செட்டை விலைக்கு வாங்குகிறவருக்குத் தீராது. ஆகவே பருத்தி மிகுந்த கலப்புத் துணியைச் சர்க்கார் பரிசோதித்து, நெசவாளர் சங்கங்களோடும் தாய்மார்களோடும் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்று கோருகிறோம். தைக்கும்போது உண்மையில் அளவெடுத்துத் தைக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புச் சட்டை வந்தால், அது பீரோவுக்குத்தான் போகும்.

அதைவிட முக்கியமானது, இலவசச் சீருடை 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 9ஆம் வகுப்பில் பிள்ளை திடீரென்று பணக்காரனாகிவிடுகிறானா? வளரும் வயது, ஆறு மாதத்தில் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே போகும் வயது, பருவமடைந்த பெண்ணுக்கு மாற்றுடை மிகவும் தேவைப்படும் வயது. அந்த வயதில்தான் சர்க்கார் கையை விரிக்கிறது. 12ஆம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும் என்று திட்டவட்டமாக வற்புறுத்துகிறோம். தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை, டை, பெல்ட், தோல் ஷூ ஆகியவற்றைக் கட்டாயமாக்கக் கூடாது, இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லக் கூடாது, சீருடை இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று உத்தரவு வேண்டும். "லாம்" போட்ட குறிப்பு வேண்டாம். மீறினால் அபராதம் உண்டு என்று சொல்லும் உத்தரவு வேண்டும்.

உத்தரவு வரும் வரை தோழர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். அளவு, துணி, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளின் நிலைமை, இந்த மூன்றையும் பற்றி அங்கே தீர்மானம் போடச் சொல்லுங்கள். தனியார் பள்ளிகளில் ஒரு தாய் தனியாகப் போய் நின்றால் துரத்துவார்கள். ஆகவே தெருவுக்கு இருபது பேராகச் சேர்ந்து, மார்ச் மாதத்திலேயே, அடுத்த ஆண்டுப் பட்டியல் அச்சாவதற்கு முன்னால், நிர்வாகியைச் சந்தியுங்கள். பீடிச் சங்கத்துத் தோழர்கள் இந்த ஆண்டு அப்படிச் செய்ய முடிவு செய்திருக்கிறார்கள். கான்வாஸ் ஷூப் பையனின் தாய்தான் பெயர்ப் பட்டியல் எடுத்து வருகிறார்.