சுவாதி மழையும் வேப்பலோடை முத்தும்

சமீபத்தில் நாம் பாஞ்சாலங்குறிச்சிக்குச் சென்றிருந்தபோது ஒரு பெரியவர், "எல்லாவற்றையும் மறுக்கிறீர்களே, சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறதே, அதையும் மறுப்பீர்களோ?" என்று கேட்டார். நாம் மறுப்பானேன்? அவருடைய ஒட்டப்பிடாரம் தாலுகாவிலேயே உள்ள வேப்பலோடைக் கடற்கரை 1973-லேயே அதை மறுத்துவிட்டது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1972-இல் அங்கே முத்து வளர்ப்பு வேலையைத் தொடங்கினார்கள். ஒரு சிப்பியின் ஓட்டை ஒட்டியிருக்கும் தோலில் சிறு துண்டை நறுக்கி, சிப்பியோட்டில் கடைந்த மணியோடு சேர்த்து, வேறொரு சிப்பியின் உடலுக்குள் வைத்துக் கடலில் வளர்த்தார்கள். அத்தோல் வளர்ந்து மணியைப் பைபோல மூடிக்கொண்டது. ஓட்டின் உட்புறத்துக்குப் பளபளப்பைத் தரும் பொருளையே மணியின்மேலும் அடுக்கடுக்காகப் பூசியது. 1973 ஜூலையில் விஞ்ஞானி கே. அழகர்சாமியின் முயற்சியால் உருண்டை முத்து கிடைத்தது. 1981-இல் தூத்துக்குடியில் சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் உற்பத்தி செய்தார்கள். உயிரைக் கொண்டு தொழில் செய்யும் இந்த வித்தையில் நட்சத்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கின்றோம்.

அக்காலத்து முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி' என்னும் மந்திரக்காரனுக்குச் சர்க்காரே கூலி கொடுத்தது. முழுகினவன் திரும்பி வந்தால் மந்திரத்தின் மகிமை. வராவிட்டால் அவன் தலைவிதி. எப்படியானாலும் மந்திரக்காரனுக்கு நஷ்டமில்லை. ஆராய்ச்சிக்காரரோ செத்த சிப்பியையும் எண்ணி எழுதிவைத்து, அது ஏன் செத்தது என்று தேடுகிறார். தோல்வியை ஒப்புக்கொள்ளுகிறவனுக்குத்தான் அறிவு வளரும்.

நிற்க. தூத்துக்குடியில் 1961-இல் நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. இன்று உலகத்து முத்துக்களில் மிகப் பெரும்பகுதி சீனத்து நன்னீர்ப் பண்ணைகளில் விளைகிறது. வித்தையை நம் கரையிலேயே கண்டறிந்து அரை நூற்றாண்டு கடந்தும், கடல் முத்து வளர்ப்பு நம் கரையோர மக்களின் அன்றாடப் பிழைப்பாகவில்லை. சிப்பி சாவதும், செலவு மிகுவதும், புயலும் காரணமாகலாம். அவை தீர்க்க வேண்டிய சங்கடங்களே தவிர விதியல்ல.

முன்னே, மூச்சடக்கி முழுகினவன் ஒருவன், முத்தணிந்தவன் வேறொருவன். இனி, வித்தை ஏட்டிலும் வறுமை குப்பத்திலுமாக இருக்கலாமா? முழுகினவர்களின் பேரப்பிள்ளைகளும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளும், இவ்வித்தையைக் கற்றுப் பண்ணைக்குச் சொந்தக்காரராக வேண்டும். வானத்தை அண்ணாந்து பார்த்தது போதும் தோழர்களே, சிப்பியைத் திறந்து பாருங்கள்.