கலப்பதற்கு முன் கற்க வேண்டும்

இரண்டு சங்கீதங்களைக் கலப்பது என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மேடையில் ஒரு பக்கம் சிதார், மறு பக்கம் கிதார், நடுவில் டிரம்ஸ். ஒருவர் வாசிப்பது மற்றவருக்குப் புரிகிறதா என்றே சந்தேகம். வேகத்தைக் கூட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடும் இத்தகைய கச்சேரிகள் ஏராளம். இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று சலித்துக்கொண்டே ரசிகர்கள் வீடு திரும்புகிறார்கள்.

அதற்காகக் கலப்பு என்ற ஒரே காரணத்தால் எல்லா முயற்சிகளையும் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. கலப்பவர்கள் அதற்கு முன் எவ்வளவு கற்றார்கள் என்று பார்ப்பதே சரியான அளவுகோல். இதற்கு நல்ல உதாரணமாக விளங்குவது, இராக் நாட்டுப் பழைய சங்கீதத்தையும் அமெரிக்க ஜாஸையும் இணைத்து வாசிக்கும் 'டூ ரிவர்ஸ்' என்ற ஆறு பேர் குழு. இரு நதிகள் என்பது பெயரின் பொருள். டைக்ரிஸ், யூப்ரடீஸ் நதிகள் பாயும் இராக்கையே அது குறிக்கிறது. குழு 2006ல் உருவாயிற்று. அதன் முதல் இசைத்தட்டு 2007ல் வெளிவந்தது.

பரிசுப் பணம் போன வழி

குழுவின் தலைவர் அமீர் எல்ஸஃபார் 1977ல் சிகாகோவை அடுத்த ஓர் ஊரில் பிறந்தவர். தந்தை இராக்கியர், தாய் அமெரிக்கர். மேற்கத்திய சாஸ்திரீய சங்கீதமும் ஜாஸும் பயின்று, டிரம்பெட் வாசிப்பதில் தேர்ந்தவர். 2001ல் ஜாஸ் டிரம்பெட் போட்டி ஒன்றில் அவருக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒரு குழுவை அமைத்து, உடனே இசைத்தட்டு வெளியிட்டுப் பெயர் வாங்கியிருக்கலாம். அவரோ 2002ல் பாக்தாதுக்குப் புறப்பட்டுப் போனார். தந்தை நாட்டின் சங்கீதமான 'மகாம்' கற்பதே நோக்கம்.

2003 மார்ச்சில் அமெரிக்கப் படைகள் இராக்கில் நுழைந்தன. பாடம் அதோடு நின்றுவிடவில்லை. பல ஆண்டுகளாகவே இராக்கிய வித்வான்கள் பலர் ஐரோப்பாவில் குடியேறியிருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பயின்றார். முக்கியமாக, லண்டனில் வசித்த ஹமீத் அல்-ஸாதியிடம் வாய்ப்பாட்டுக் கற்றார். பாக்தாத் சம்பிரதாயத்தின் 56 மகாம்களையும் மனப்பாடமாக அறிந்த மிகச் சிலரில் ஒருவர் அல்-ஸாதி. காஷ்மீரத்துச் சந்தூருக்கு உறவான இராக்கியச் சந்தூரையும் எல்ஸஃபார் பழகிக்கொண்டார். போட்டியில் வென்ற வித்வான் ஒருவர், மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கும் மாணவராக உட்கார்ந்தார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

மகாம் என்பது என்ன?

அராபிய நாடுகளில் பொதுவாக மகாம் என்றால், நம் ராகத்தைப் போன்ற ஒரு ஸ்வர அமைப்பு. இராக்கில் அதற்கும் மேலே ஒரு பொருள் உண்டு. எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் தணிவது, எப்போது மேல் ஸ்தாயிக்கு ஏறுவது, எப்படி முடிப்பது என்று வழி வகுக்கப்பட்ட முழு உருப்படி அது. அந்த வழியைவிட்டு விலகாமல் பாடகர் தம் மனோதர்மத்தைக் காட்ட வேண்டும். முடிவில் 'பஸ்தா' என்ற எளிய பாட்டு வரும். கச்சேரியின் கடைசியில் துக்கடா கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பழைய பாக்தாத் கோஷ்டியில் சந்தூர், தாள வாத்தியங்களுடன் 'ஜோஸா' என்ற நான்கு தந்தி வாத்தியமும் இருக்கும். அதன் குடம் தேங்காய்ச் சிரட்டை. தேங்காய்க்கு அராபிய மொழியில் 'இந்தியக் கொட்டை' என்று பெயர் உண்டு.

இந்தச் சங்கீதத்தை ஜாஸோடு இணைப்பதில் பெரிய சிக்கல் ஸ்வரத்தில்தான். பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வர ஸ்தானங்கள். நவீன அராபிய சங்கீத சாஸ்திரம் ஸ்தாயியை 24 பாகங்களாகப் பிரித்துக் கணக்குச் சொல்கிறது. நடைமுறையில் வித்வான்கள் பிடிக்கும் நுண்ணிய இடங்கள் அந்தக் கணக்கிலும் அடங்குவதில்லை. பியானோவை வைத்துக்கொண்டு மகாம் பாடினால், மகாமின் உயிர் போய்விடும்.

டூ ரிவர்ஸ் குழுவில் பியானோ கிடையாது. ஊத், புஸுக் என்ற அராபியத் தந்தி வாத்தியங்களுக்கு ஈடுகொடுக்க, டிரம்பெட்டும் ஸாக்ஸபோனும் வளைந்து வருகின்றன. நுண்ணிய ஸ்வரங்களையும் அசைவுகளையும் டிரம்பெட்டில் கொண்டுவர எல்ஸஃபார் தனிப் பயிற்சி முறைகளையே உருவாக்கிக்கொண்டார். ஜாஸுக்கும் இது முற்றிலும் அந்நியமல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டுகளிலிருந்து அதற்கு வந்த சில ஸ்வரங்கள், பியானோக் கட்டைகளுக்கு நடுவில் நிற்பவைதாம். இரண்டு சங்கீதங்களும் கைகோக்கும் இடம் அங்கே இருக்கிறது. கற்றவர்களுக்கே அது கண்ணில் படும்.

கர்நாடக மண்ணின் பங்கு

இந்தக் குழுவின் முதல் இசைத்தட்டில் ஸாக்ஸபோன் வாசித்த ருத்ரேஷ் மகந்தப்பா இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர். 2008ல் அவர் வெளியிட்ட 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டில் அவரோடு வாசித்தவர் கத்ரி கோபால்நாத். மைசூர் அரண்மனை பாண்டு கோஷ்டியில் ஸாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் கமகத்தை வரவழைக்கப் பல ஆண்டுகள் உழைத்து, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று உயர்ந்தவர் கோபால்நாத். 2019ல் அவர் காலமானபோது, ஸாக்ஸபோனை யாரும் அந்நிய வாத்தியம் என்று சொல்லவில்லை. கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட, வாசிப்பவர் எங்கே போய்க் கற்றார் என்பதே முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆட்சேபமும் பதிலும்

இங்கே ஒரு கேள்வி எழும். இராக்கைக் குண்டு போட்டுச் சிதைத்த நாட்டின் சங்கீதத்தோடு இராக்கின் சங்கீதத்தைச் சேர்ப்பது, இன்னொரு வகை ஆக்கிரமிப்பு ஆகாதா? கேள்வி நியாயமானதே. ஆனால் ஜாஸ், படை நடத்திய அரசாங்கத்தின் சொத்து அல்ல. அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் சந்ததியார் வளர்த்தது. இந்தக் குழுவில் வளைந்து கொடுப்பதும் டிரம்பெட்தான், மகாம் அல்ல.

இதைவிடப் பெரிய கவலை வேறொன்று. மகாம் காதால் கேட்டுக் கற்கும் வித்தை. ஆசான் போனால் அவரோடு போய்விடும். 1932ல் கெய்ரோவில் நடந்த அராபிய சங்கீத மாநாட்டில் இராக்கின் சார்பில் பாடியவர் முகம்மது அல்-குப்பாஞ்சி. அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்களில் பெரும்பாலோர் பாக்தாத் யூதர்கள். 1950-51ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இராக்கைவிட்டு வெளியேறியபோது, அந்த வாத்தியப் பரம்பரையும் அவர்களோடு போயிற்று. பிறகு 1980ல் தொடங்கி எட்டாண்டு ஈரான் போர், 1990 முதல் பொருளாதாரத் தடை, 2003ல் படையெடுப்பு, அதன் பின் உள்நாட்டுக் கலவரம். சோற்றுக்கே திண்டாடும் ஊரில் பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் ஏது? 2003ல் யுனெஸ்கோ இராக்கிய மகாமை மனித குலத்தின் அரிய பாரம்பரியங்களில் ஒன்றாக அறிவித்தது. 2008ல் தன் பட்டியலிலும் சேர்த்தது. பட்டியல் வித்தையைப் பாதுகாக்காது. சிஷ்யர்கள்தாம் பாதுகாக்க முடியும்.

எல்ஸஃபாரின் பெருமை இந்த இடத்தில்தான் முழுமை பெறுகிறது. ஜாஸ் கலக்காமல், பழைய பாக்தாத் முறையிலேயே மகாம் வாசிப்பதற்குத் தம் சகோதரியுடன் சேர்ந்து 'ஸஃபாஃபிர்' என்ற தனிக் குழுவையும் அமெரிக்காவில் அவர் நடத்தினார். கலப்புக்கு ஒரு மேடை, மூலத்துக்கு ஒரு மேடை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறக்கடிக்கவில்லை.

கலப்புக் கச்சேரிகளுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கும் சபாக்களும் அறக்கட்டளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். கலப்பை மேடையேற்றும் அன்றே, மூல சங்கீதத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். செலவாகும் தொகையில் ஒரு பங்கை, அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசான்களுக்கும் கற்கும் மாணவர்களுக்கும் கொடுக்கலாம். இந்திய நகரங்களில் நடக்கும் கலப்புக் கச்சேரிகளுக்கும் இதே முறை பொருந்தும்.

இரு நதிகள் கூடும் இடத்தைப் பார்க்கக் கூட்டம் சேர்வது இயல்பு. ஆனால் மலையில் ஊற்று வற்றிவிட்டால் கூடுவதற்கு நதி இருக்காது. முதலில் ஊற்றைக் காக்க வேண்டும்.