சமையலறையிலிருந்து ஒரு வண்ணப்பெட்டி

ஜூன் விடுமுறை தொடங்கியதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான். "பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" சிலர் முகாம்களில் சேர்த்துவிட்டார்கள். சிலர் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு இணையவழிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் வீட்டில் இந்த ஆண்டு வேறு ஏற்பாடு. வண்ணத்தைக் கடையில் வாங்காமல் நாங்களே காய்ச்சுகிறோம்.

செய்முறை எளிது. 4 மேசைக்கரண்டி மைதாவை ஒரு கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு போட்டு, சிறுதீயில் கூழ் பதம் வரும்வரை கிளற வேண்டும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. ஆறியதும் நான்கு கிண்ணங்களில் பிரித்துக்கொள்ளுங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அரிசி மாவு போதும்.

இனி நிறம். மஞ்சளுக்கு மஞ்சள் தூள். இளஞ்சிவப்புக்கு பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு. நீலத்துக்கு சங்குப்பூ. எங்கள் தாழ்வாரத்தில் அண்டை வீட்டு மாக்சிக் அதைத் தொட்டியில் வளர்க்கிறார். 'பூங்கா தெலாங்' என்று மலாய்ப் பெயரையும் என் ஆறு வயது மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பத்துப் பதினைந்து பூக்களைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்தால் நீலச் சாறு தயார்.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். நீலச் சாற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும். மஞ்சளில் சமையல் சோடாவைக் கலந்தால் செந்நிறம் வரும். அதைப் பார்த்த மகள் அலறியே விட்டாள். என் அம்மா அசரவில்லை. "இதுதாண்டி ஆரத்தித் தண்ணி. அதுல சுண்ணாம்பு, இதுல சோடா. அவ்வளவுதான்," என்றார். பள்ளியில் அவள் பின்னாளில் படிக்கப்போகும் அமிலமும் காரமும் பாட்டியின் தாம்பாளத்தில் எப்போதும் இருந்தவைதாம்.

வானொலியில் தமிழ் பேசுவது என் தொழில். ஆனால் வீட்டில் நான் தமிழில் கேட்டால் மகளின் பதில் ஆங்கிலத்தில் வரும். இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2010ல் சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசிய மொழி ஆங்கிலம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 48.3 விழுக்காடாகிவிட்டது. "தமிழில் பேசு" என்று அதட்டினால் பிள்ளை மௌனமாகிவிடுகிறது. அதற்குப் பேச ஒரு காரணம் வேண்டும்.

கூழ் காய்ச்சும்போது அந்தக் காரணம் கிடைத்தது. முதல் நாள் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே சொல்தான் இருந்தது, 'மிக்ஸ்'. பாட்டியோ கரை, கிளறு, பிசை, குழை, கலக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் கை வேறு விதமாக அசைகிறது. மாவைக் கரைக்கும் கை வேறு, கூழைக் கிளறும் கை வேறு. மூன்றாம் நாள், "பாட்டி, கட்டி தட்டுது, இன்னும் கிளறுங்க," என்று மகள் சொன்னாள். நான் அடுத்த அறையில் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது.

வண்ணம் தயாரானதும் வெளியே போய்விடுங்கள். வீட்டுக்குள் என்றால் சோபாவைக் காப்பதிலேயே பொழுது போய்விடும். காலை பத்து மணிக்கு முன்போ மாலை நான்கரைக்குப் பிறகோ வெயில் பொறுக்கும்படி இருக்கும். புளோக்கின் கீழ்த்தளமும் பூங்கா நடைபாதையும் பொதுச் சொத்து, அங்கே தரையில் வரைய வேண்டாம். மினிமார்ட்டில் கேட்டால் காலி அட்டைப்பெட்டி தருவார்கள். அதைப் பிரித்துப் புல்லில் விரித்தால் பிள்ளை படுத்துக்கொண்டே வரையும் அளவுக்கு இடம் கிடைக்கும். தூரிகையும் தேவையில்லை. விரல் போதும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சுப் பதித்தால் பூப்பூவாக விழும்.

பழைய சட்டை போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது. மிஞ்சிய கூழ் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு.

மஞ்சள் நிறம் வெயிலில் சில நாளில் வெளிறிவிடும். அதுவும் நல்லதுதான், மறுபடி காய்ச்ச ஒரு சாக்கு கிடைக்கிறது. பிள்ளை இல்லாத இளையர்களே, அக்காள் பிள்ளைகளையோ அண்ணன் பிள்ளைகளையோ ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் கிளறும் கரண்டியை அவர்களிடம் கொடுங்கள். நாம் மறந்துபோன சொற்கள் அவர்கள் கையில் இன்னும் இருக்கின்றன.