சிறிதாகக் கட்டு, நடக்கவிட்டுப் பார்

பிள்ளைகள் கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று கவலைப்படாத பெற்றோர் எங்கள் ஊரில் இல்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் ஆடுவதோடு நில்லாமல், விளையாட்டுக்குள் தாங்களே இடங்களைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள விளையாட்டைத் தம் விருப்பப்படி மாற்றுவதற்கு ‘மோட்’ என்று பெயர். ஆட்டக்காரர் நடமாடும் அறை, பாதை, வாசல்களை வகுப்பது ‘லெவல் டிசைன்’. மேலகரத்தில் வீட்டு பிளான் வரைவது என் தொழில். இரவில் விளையாட்டுக்குள் அப்படி ஓர் இடத்தை, அதாவது மேப் போடுகிறேன். இரண்டுக்கும் வேண்டியது ஒரே திறமைதான்: உள்ளே வருகிறவர் முதலில் எங்கே பார்ப்பார், எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்னதாகவே யோசிப்பது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சிறிதாகக் கட்டு. கட்டியதை முடி. அடுத்தவரை அதில் நடக்கவிட்டு, வாய் திறக்காமல் பார்.

தொடங்குவதற்கு 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ விளையாட்டு போதும். அதை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர், மேப்புகளையும் படங்களையும் தனிக் கோப்பில் வைத்தது. அதனால் மூல விளையாட்டைத் தொடாமலே யாரும் புது மேப் சேர்க்க முடிந்தது. 1997-ல் நிரலையும் வெளியிட்டது. இன்று ‘ஃப்ரீடூம்’ என்ற கட்டற்ற கோப்புத் தொகுப்பும், இலவச எடிட்டர்களும் கிடைக்கின்றன. பழைய கணினியிலும் ஓடும். சுடுகிற விளையாட்டு ஆகாது என்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஓர் அரக்கனைக்கூட வைக்காமல், சாவி தேடிக் கதவு திறக்கும் புதிராகவே மேப்பைக் கட்டலாம்.

டூமில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கண்டிப்பான அளவுகள். ஆட்டக்காரரின் அகலம் 32 அலகு, உயரம் 56. படியின் உயரம் 24 அலகு வரை இருந்தால் ஏறிவிடுவார். 25 ஆனால் அப்படியே நின்றுவிடுவார். மூல டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க இயலாது. வீடு கட்டும்போது மனையின் அளவுக்குள் யோசிப்பது போல, பிள்ளை இந்த எல்லைக்குள் யோசிக்கப் பழகுகிறான். நவீன எடிட்டர்களில் எதையும் செய்யலாம் என்பதாலேயே பல பேருடைய முதல் மேப் பாதியில் நின்றுபோகிறது.

என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். முதல் மேப்பிலேயே குற்றாலம் முழுவதையும் போட நினைத்தான். “ஐந்தருவியும் பழைய குற்றாலமும் இல்லாம எப்படி மாமா?” என்றான். இரண்டு அறை, ஒரு நடை, ஒரு சாவி, ஒரு கதவு, இவ்வளவில் முடிக்கச் சொன்னேன். முடித்ததும் அவன் கூட்டாளியை ஆட உட்காரவைத்தோம். சாவி இடப்பக்கத்து இருட்டு மூலையில் இருந்தது. வந்த பையன் நேரே வெளிச்சமான சுவருக்குப் போய் முட்டினான், திரும்பினான், மறுபடியும் அங்கேயே போனான். “ஏலே, இடது பக்கம்...” என்று ஆரம்பித்த மருமகனின் கையைப் பிடித்து அடக்கினேன். “இவன் ஏன் மாமா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கான்?” என்று என் காதோரம் கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் படிப்பு தொடங்குகிறது. எங்கோ இருந்து மேப்பை இறக்கி ஆடுகிறவருக்குப் பக்கத்தில் நின்று நாம் வழி சொல்ல முடியாது. மேப்தான் சொல்ல வேண்டும். அன்று மாலையே அவன் சுவரோரப் பகுதியின் வெளிச்ச அளவை 208-லிருந்து 144-க்கு இறக்கினான். சாவி மூலையை 208-க்கு ஏற்றினான். அடுத்து வந்த பையன் நேராகச் சாவியிடம் போனான்.

டூமின் முதல் மேப்பை வடிவமைத்த ஜான் ரொமேரோ தமக்கென விதிகள் வைத்திருந்தார். வெளிச்சமும் இருளும், குறுகலும் விரிவும் மாறிமாறி வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளியிடத்துக்கு எப்படியாவது போக வழி இருக்க வேண்டும். அந்த முதல் மேப்பில் ஜன்னலுக்கு வெளியே ஒரு முற்றமும் அதில் ஒரு நீலக் கவசமும் தெரியும். அங்கே போகும் ரகசிய வழியை ஆட்டக்காரர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விதிகளைப் படிக்க எங்கள் பிள்ளைகளுக்கு ஊரே இருக்கிறது. தென்காசி காசி விசுவநாதர் கோபுரம் தொலைவிலிருந்தே திசை காட்டும். அதன் வாசலில் காற்று ஆளைத் தள்ளும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குள் நுழைகிறோம் என்பதை உடம்பே உணரும். குற்றாலப் பேரருவி மலையிலிருந்து ஒரே வீச்சில் தரைக்கு வருவதில்லை. நடுவே பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி வழிந்து, அகலமாக இறங்குகிறது. அதனால்தான் அதன் அடியில் நின்று குளிக்க முடிகிறது. கடினமான கட்டத்துக்குப் பின் ஆட்டக்காரருக்கு மூச்சுவிட இடம் தர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் மேலகரத்துக்காரர். அவருடைய குறத்தி தன் மலையை விவரிக்கும்போது, அங்கே நடந்து திரிந்தவளின் உரிமையோடு பேசுகிறாள். மேப் போடுகிற பிள்ளைக்கும் அந்த உரிமை நடந்து பார்த்தால்தான் வரும்.

இது பொழுதுபோக்கு மட்டும்தானே என்பவர்களுக்கு ஒரு வரலாறு. ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டுக்கு மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் 1999-ல் செய்த மோட்தான் ‘கவுண்டர் ஸ்டிரைக்’. மறு ஆண்டே வால்வ் நிறுவனம் அதைத் தனதாக்கிக்கொண்டது. அதன் புகழ்பெற்ற ‘டஸ்ட்’ மேப்பைப் போட்டவர் இங்கிலாந்தில் பதின்ம வயதில் இருந்த டேவ் ஜான்ஸ்டன். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை விளையாட்டாக்கிய ‘வெண்பா’ 2023-ல் வந்து, அடுத்த ஆண்டு பாஃப்டா விருது பெற்றது. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து, விடுபட்டதை ஆட்டக்காரரே ஊகித்து இட்லி வார்க்க வேண்டும். அதுவும் வழி சொல்லாமல் வழிகாட்டும் கலைதான்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் சட்டம் தடை செய்தது நல்லது. ஆனால் தடுப்பதோடு வேலை முடியவில்லை. அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் மேப் கட்டிப் பழகுவதற்குத் திறந்துவிட வேண்டும். ஆசிரியருக்கு டூம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று நிபந்தனைகளை அவர் காத்தால் போதும்: மேப் ஐந்து நிமிடத்தில் ஆடி முடியக்கூடியதாக இருக்க வேண்டும், அதை முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும், வகுப்புத் தோழர் இருவர் அதில் நடக்கும்போது, போட்டவர் பேசாமல் குறிப்பெடுக்க வேண்டும். மென்பொருள் வேலை பெருநகரத்துக்கே உரியது என்ற எண்ணத்தை தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் பொய்யாக்கியிருக்கிறது. விளையாட்டு கட்டும் வேலையும் இங்கே நடக்கும். அதற்கு முதலில் ஒரு கணினியையும் ஒரு பிற்பகலையும் நாம் கொடுக்க வேண்டும்.