மெழுகிற் பொரித்த கத்தரிக்காய்

நவராத்திரி நெருங்கிவிட்டது. கிட்வாய் நகர் இல்லங்களில் பரண்களிலிருந்து பெட்டிகள் இறங்கும் காலம் இது. பழைய செய்தித்தாள்களை நீக்கி, எந்தப் பொம்மைக்குக் கை போயிற்று, எதற்கு மூக்கு உடைந்தது என்று தாய்மார்கள் கணக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். நம் இல்லத்தில் அவ்வாறு கணக்கெடுத்தபோது தென்பட்ட ஒரு குறையையும், அது ஜப்பான் நாட்டுத் தலைநகரில் தீர்ந்த விதத்தையும் பற்றி இத்திங்கள் எழுத எண்ணுகிறோம்.

கொலுவின் கீழ்ப்படியில் செட்டியார் கடை இல்லாவிடில் குழந்தைகளுக்குக் கொலுவே இல்லை. பருத்த மேனியராய்ச் செட்டியார் ஒருபுறம், ஆச்சி ஒருபுறம், முன்னே சிறு கிண்ணங்களில் அரிசியும் பருப்பும், பக்கத்தில் ஒரு கூடை நிறையக் களிமண்ணாற் செய்த காய்கறிகள். நாம் டில்லிக்குக் குடிபெயர்ந்தபோது துணைவியாரின் அன்னையார் கொடுத்தனுப்பிய கடை அது. 2010-களில் கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்ப முற்பட்டபோது, அங்கிருந்தவர்களுள் நாமும் காலி செய்தோம். அந்தக் குழப்பத்தில் ஒரு பெட்டி மாடிப்படியில் உருண்டது. செட்டியாரும் ஆச்சியும் ஒரு கீறலுமின்றித் தப்பினர். காய்கறிக் கூடை பொடியாயிற்று.

அதன்பின் பல ஆண்டுகள் அவ்விருவரும் வெறுங்கூடைக்கு முன்னேதான் வீற்றிருந்தனர். ஓராண்டு மெய்யான பிஞ்சுக் கத்தரிக்காய்களை வைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாளே அவை சுருங்கிவிட்டன. 1952 முதல் 1954-இல் மறையும் வரை இந்நாட்டின் உணவு அமைச்சராக விளங்கியவர் ரஃபி அகமது கிட்வாய். அவர் பெயர் தாங்கிய நகரில் ஒரு கடையில் காய்கறி இல்லாமற் போனதே என்று நாம் நகைப்போம். துணைவியார் நகைப்பதில்லை. அன்னையார் கை பட்ட பொருள் அன்றோ!

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் மகளைக் காண டோக்கியோ சென்றோம். நகரின் கிழக்கே எடொகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய் என்னும் பகுதியில் அவள் குடும்பம் வாழ்கிறது. கணினித் தொழிலுக்காகச் சென்ற நம் நாட்டவர் மிகுதியாகக் குடியேறியுள்ள இடம் அது. அங்கே ஒரு நாள் ஒன்பது வயதுப் பேத்தி, “பாட்டி, உங்கள் கடைக்குக் காய்கறி நாமே செய்துவிடலாம். சாப்பிட முடியாத சாப்பாடு செய்யக் கற்றுத்தரும் இடம் ஒன்று இருக்கிறது” என்றாள். சாப்பிட முடியாத சாப்பாட்டைத் தாம் பலமுறை உண்டிருப்பதாக மாப்பிள்ளை மெல்லக் கூறினார். மகள் அதைக் கேட்டும் கேளாதவள்போல் இருந்துவிட்டாள்.

பாதாள ரயிலில் நிஹொம்பாஷி வரை சென்று, வண்டி மாறி, தவராமாச்சி நிலையத்தில் இறங்கினோம். சிறிது தூரம் நடந்தால் கப்பாபாஷி என்னும் கடைவீதி. தெருமுனைக் கட்டடத்தின் உச்சியில் வெண்தொப்பியணிந்த சமையற்காரர் ஒருவரின் மாபெருந்தலை வீற்றிருக்கிறது. உவேனோவுக்கும் ஆசகுசாவுக்கும் இடையே ஏறத்தாழ 800 மீட்டர் நீளும் இவ்வீதியில் 170 கடைகள் வரை உண்டு. அத்தனையும் சமையலுக்கும் உணவுவிடுதிக்கும் வேண்டிய பொருள்களை விற்பவை. 1912-ஆம் ஆண்டையொட்டிப் பழம்பொருள் வணிகர் சிலர் தொடங்கிய வீதி என்பர். ஜப்பானிய மொழியில் பத்து, ஒன்பது என்னும் எண்களைச் சேர்த்தொலித்தால் ‘தோகு’, அதாவது கருவி, என்னும் சொல்லாகுமாம். ஆதலின் அக்டோபர் 9-ஆம் நாளைக் கருவி நாளாக இவ்வீதியார் கொண்டாடுகின்றனர். நாம் ஆயுத பூசை இடும் நாள்களையொட்டியே அது வருவது நமக்கு மகிழ்ச்சியளித்தது. செல்ல விரும்பும் அன்பர்கள் ஒன்று நினைவிற்கொள்க: ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும்.

பாத்திரக் கடைக்குள் நுழைந்த நம் பெண்டிரை வெளியே கொணர்வது எந்நாட்டிலும் அரிது. முட்டையைச் சுருட்டிப் பொரிக்கும் சதுரத் தட்டுகள், இரும்புக் கெண்டிகள், மண்சட்டிகள், மூங்கில் வடிதட்டுகள் என்று ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு உலகம். ஒரு சிறு சட்டியைக் கையில் ஏந்தி எடை பார்த்த துணைவியார், “கிலோ என்ன விலை என்று கேள்” என்று பேத்தியை ஏவினார். அவள் விழித்தாள். எவர்சில்வரையும் பித்தளையையும் தராசிலிட்டு வாங்கிய கைக்கு, ஒவ்வொரு சட்டியும் தன் விலையைத் தானே சுமந்து நிற்பது விந்தையாகத்தான் இருந்தது. கத்திக் கடையில் வாங்குவோர் பெயரை அலகின்மேல் பொறித்துத் தருகின்றனர். நாம் வாங்கியது ‘சுரிபாச்சி’ என்னும் பீங்கான் அரைகலம் ஒன்றே. உட்புறமெங்கும் சீப்பின் பற்கள்போல் வரிகள். மரக்குழவியால் எள்ளை அதிலிட்டுத் தேய்த்தால் நொடியில் மணக்கிறது. அம்மி கொத்துபவரைத் தேடியலைய வேண்டாத அம்மி எனலாம். ஆனால் தேங்காய்த் துவையலுக்கு அது ஆகாது; வரிகளில் சிக்கிய நாரை எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

நண்பகலில் ஓர் உணவுவிடுதிக்குச் சென்றோம். வாயிலிற் கண்ணாடிப் பேழை. அதனுள் கிண்ணம் கிண்ணமாக உணவு வகைகள். ஆவி ஒன்றுதான் எழவில்லை. மற்றபடி நீர்த்துளி முதல் எண்ணெய்ப் பளபளப்பு வரை எல்லாம் மெய்போலவே இருந்தன. அவையே நாம் கற்கவிருந்த போலி உணவுகள். ‘சாம்பிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லே ஜப்பானியர் நாவில் ‘சாம்புரு’ ஆகி அவற்றுக்குப் பெயராயிற்று. ஓரெழுத்தும் அறியாத நாம், காய்கறி மிதந்த கோதுமைச் சேமியாக் கிண்ணம் ஒன்றைச் சுட்டிக்காட்டினோம். டில்லிக்கு வந்த புதிதில், இந்தி தெரியாமல், ஐ.என்.ஏ. சந்தையில் முருங்கைக்காயையும் சேனையையும் விரலாற் சுட்டி வாங்கிய நாள்கள் நினைவுக்கு வந்தன. மொழியற்றவனுக்கு விரலே நா. அவ்விரலுக்கு ஓர் இலக்கு வைத்த ஜப்பானியரை மனமார வாழ்த்தினோம்.

வாழ்த்து முடியுமுன்பே பேத்தி பரிமாறுபவளிடம் ஏதோ கேட்டுத் திரும்பினாள். “பாட்டி, குடிக்காதீர்கள். தண்ணீரில் மீன் இருக்கிறது” என்றாள். மீன் துண்டு ஏதும் அதில் இல்லை. ஆனால் ஜப்பானியச் சாறுகள் பலவற்றின் அடிப்படை, சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கல்போல் உலர்த்திச் சீவி எடுக்கும் ‘கட்சுவோபுஷி’. நம் தென்கடற்கரையாரும் இலங்கைத் தமிழரும் அறிந்த மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. கண்ணாடிப் பேழை மேலே மிதப்பதைத்தான் காட்டும். சாற்றின் பிறப்பைக் காட்டாது. பிழை விடுதியாருடையதன்று, கேளாமற் சுட்டிய நம்முடையதே. துணைவியார் கிண்ணத்தை மெல்ல நகர்த்திவைத்தார். கடற்பாசி கொண்டு மட்டும் சாறு காய்ச்சும் துறவோர் மடத்துச் சமையலும் அந்நாட்டில் உண்டு. புலால் உண்ணாதார் அதைத் தேடிச் செல்லுதல் நலம்.

இத்தொழில் பிறந்த கதையும் சுவையானது. 1923-இல் டோக்கியோவைச் சிதைத்த நிலநடுக்கத்திற்குப்பின், ஷிரோகியா என்னும் பேரங்காடி தன் உணவுக்கூடத்தின் வாயிலில் மெழுகு மாதிரிகளை வைத்தது. வந்தவர் பார்த்தவுடன் தேர்ந்ததால் நெரிசல் குறைந்தது, வழக்கமும் பரவிற்று. இதனைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் கிபு மாநிலத்துக் குஜோ ஹச்சிமான் என்னும் மலையூரிற் பிறந்த இவாசாகி டகிசோ. 1932-இல் அவர் ஒசாகாவில் தொழில் தொடங்கினார். நீரில் விழுந்த மெழுகுவர்த்தித் துளி மலர்போல் விரிந்ததைக் கண்டதே அவருக்குத் தூண்டுதல் என்றும், முதலில் உருவான மாதிரி அவர் மனைவி பொரித்த முட்டை அடையைப் பார்த்துச் செய்தது என்றும் கூறுவர். அந்நாளில் அச்செடுக்கப் பயன்பட்டது அகர் என்னும் கடற்பாசிக் கூழ். நம் இல்லங்களில் ‘சைனா கிராஸ்’ என்று இனிப்புச் செய்யும் அதே பொருள். உணவுவிடுதிகளுக்கு மாதிரிகளை விற்காமல் வாடகைக்கு விடும் முறையையும் அவர் கையாண்டார். 1965-இல் மறைந்தார். மெழுகு வெயிலில் இளகி நிறம் மங்குவதால், பின்னாளில் பிளாஸ்டிக் அவ்விடத்தைப் பிடித்தது. இன்று உணவையே வைத்து சிலிக்கோன் அச்செடுத்து, அதில் பிளாஸ்டிக் குழம்பை வார்த்துச் சூளையில் வேகவைத்து, கையால் வண்ணந்தீட்டுகின்றனர். கற்பவர்க்கு மட்டும் இன்றும் பழைய மெழுகுதான்.

பிற்பகலில் பயிற்சிக்குச் சென்றோம். நீண்ட தொட்டியில் வெதுவெதுப்பான நீர். அருகே மெழுகுப் பாத்திரங்கள். ‘தெம்புரா’ என்னும் பொரியலையும் லெட்டூஸ் கீரையையும் செய்தல் அன்றைய பாடம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக ஜப்பானுக்கு வந்ததாகக் கூறப்படும் தெம்புரா, நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தங்கை. உள்ளே வைக்க ஆயத்தமான போலிப் பண்டங்களை ஆசிரியை பரப்பினார். எல்லோரும் இறால் எடுத்தனர். துணைவியார் கை நீட்டி, பின்னிழுத்துக்கொண்டார். “மெழுகுதானே!” என்றோம். “மெழுகுதான், ஆனாலும் கொலுப்படியில் ஏறவேண்டியதாயிற்றே” என்றார். நண்பகலில் அவர் நகர்த்திவைத்த கிண்ணம் நினைவுக்கு வரவே நாம் வாதிடவில்லை. தட்டின் மூலையில் கத்தரிக்காய்த் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆசிரியை ஜப்பானிய மொழியிற் சொல்ல, பேத்தி தமிழிற் சொன்னாள். முன்பு டில்லியில் பால்காரரிடமும் தபால்காரரிடமும் நமக்காக இந்தி பேசியவள் இவளுடைய தாய். வீட்டில் ஒரு குழந்தை எப்போதும் நம் வாயாக இருந்துவருகிறது. மஞ்சள் மெழுகைக் கரண்டியில் முகந்து, ஒரு முழ உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக நீர்மேல் அங்குமிங்கும் ஆட்டி ஊற்றவேண்டும். அது சல்லடைபோற் பூத்து மிதக்கும். அதன்மேற் கத்தரிக்காயை வைத்து, இருபுறமும் ஒதுக்கி, நீருக்குள்ளேயே சுற்றிப் பிடித்தால், எண்ணெயில் முறுகிய மாவுப்பூ அப்படியே அமைந்துவிடுகிறது! கீரை இன்னும் வியப்பு. வெள்ளை மெழுகை ஊற்றி, அதன்மேற் பச்சை மெழுகை ஊற்றி, படலத்தின் ஓரத்தை இருகையாலும் பிடித்து நீருக்குள் இழுத்துக்கொண்டே போகவேண்டும். மெழுகு நீண்டு, மெலிந்து, இலைபோற் சுருக்கம் கொள்கிறது. அதை உருண்டையாக மடித்துக் கத்தியால் இரண்டாக வெட்டினால் உள்ளே அடுக்கடுக்காக இலைகள்! ஆசிரியைக்கு ஒரு நிமிட வேலை. நமக்கு மூன்று முறை கிழிந்தது. துணைவியாருக்கு முதல் முறையே வாய்த்தது. ஐம்பது ஆண்டு ரசமும் ரவாதோசையும் ஊற்றிய மணிக்கட்டு அது, வியப்பில்லை.

டில்லி திரும்பியபின் கதை முடியவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் நவராத்திரி தொடங்கிற்று. அதற்கு முன், செட்டியாருக்கு இன்னும் சில சரக்குகள் தேவை என்று நம் அடுக்குமாடிக் குழந்தைகள் அறுவர் கிளம்பினர். கோட்லா முபாரக்பூர் கடைத்தெருவில் பழக்கமான பாத்திரக் கடையில் ஓர் அகன்ற பேசினும் இரண்டு அலுமினியச் சட்டிகளும் வாங்கினோம். இம்முறை விலை எடைக்குத்தான். வெள்ளை மெழுகுவர்த்திகளைச் சீவிச் சிறிய சட்டியிலிட்டு, அதைக் கொதிநீர் நிறைந்த பெரிய சட்டிக்குள் இறக்கி உருக்கினோம். நிறத்துக்குக் குழந்தைகளின் மெழுகு வண்ணக்கோல்கள். மெழுகுச் சட்டியை நேரே நெருப்பில் வைக்கலாகாது, புகைந்து தீப்பற்றும். உருக்குவதும் முகப்பதும் பெரியவர் பொறுப்பு.

முதல் முறை குழாய்நீரை அப்படியே வைத்துவிட்டோம். ஊற்றிய மெழுகு விரியாமல் மணிமணியாக உறைந்தது. “தாத்தா, பூந்தி!” என்று கூவினாள் மேல்மாடிச் சிறுமி. உண்மையிலேயே அதனினும் நல்ல பூந்தியை நாம் மிட்டாய்க் கடையிற் கண்டதில்லை. அதை இளமெழுகால் உருட்டி லட்டு ஆக்கினர். பிறகு கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் கலந்ததும் மெழுகு பூத்தது. அட்டைத் துண்டுகளைச் சுற்றி வாழைக்காய் பஜ்ஜி பிறந்தது. களிமண்ணாற் செய்த வெண்டைக்காயையும் அவரையையும் பச்சை மெழுகில் தோய்த்தெடுத்தனர். செட்டியார் முன்னே கூடை நிறைந்தது; நடுவில் டோக்கியோக் கத்தரிக்காய். அதைத் தம் அன்னையார் கண்டிருந்தால் எண்ணெய் அதிகம் என்றிருப்பார் என்றார் துணைவியார். சுண்டலுக்கு வந்த பெரியவர் ஒருவர், சர்க்கரை நோயினர், லட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதையாவது தின்னலாமா?” என்று வினவினார்.

இனி, கவலைக்குரிய செய்தி. கொலு முடிந்தபின் எல்லாவற்றையும் பொதிந்து பரணில் ஏற்றியிருந்தோம். சென்ற வாரம் பெட்டியைத் திறந்தால், மே, ஜூன் மாத வெப்பத்தில் லெட்டூஸ் கீரை வாடிக் கிடந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே இலைகள் தலைகுனிந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பஜ்ஜிகள் ஒரே பஜ்ஜியாயின. கத்தரிக்காய் மட்டும், துணைவியார் அதைத் தனியே ஒரு டப்பியிலிட்டுத் தம் புடைவை அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தமையால், பூ உதிராமல் இருக்கிறது.

எனவே கடைக்கு மீண்டும் சரக்குப் பிடிக்கவேண்டும். கொலுவுக்கு முந்திய ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் இல்லத்தில் மெழுகு உருகும். வரும் குழந்தைகள் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளும் உடைந்த வண்ணக்கோல்களும் கொண்டு வருக. குழந்தைக்கு ஒரு பெரியவர் உடன் வருதல் கட்டாயம். மெய்யான பஜ்ஜியும் உண்டு.