கிருமி யுத்தத்துக்கு எது அரண்?

கிருமி யுத்தம் தூர தேசத்துச் சங்கதி என்று சாயர்புரத்துத் தொழிலாளி நினைக்கலாம். ஆனால், உலகக் கப்பல்கள் வந்தணையும் தூத்துக்குடித் துறைமுகம் அவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1940-ல் ஜப்பானிய ராணுவத்தின் 731-வது பிரிவு, பிளேக் ஏறிய தெள்ளுப்பூச்சிகளைச் சீனத்தின் நிங்போ நகர்மீது தூவியது. யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ஏகாதிபத்தியம் இந்தக் கொலைகாரர்களைத் தண்டித்ததா? இல்லை. ஆராய்ச்சிக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு தப்பவிட்டது!

2001-ல் அதே அமெரிக்காவில் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் தூள் 5 பேரைக் கொன்றது. கிருமி ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது என்று அந்நாட்டு விசாரணையே கூறிற்று. கிருமி ஆயுதத் தடை ஒப்பந்தம் 1975 முதல் அமலில் இருக்கிறது. சோதனையிடும் ஏற்பாடுதான் இல்லை. அதற்கான நகலை 2001-ல் நிராகரித்தது அமெரிக்க சர்க்கார்.

அப்படியானால் மக்களுக்கு எது அரண்? பீரங்கியா? நோய் தானாக வந்தாலும், எதிரி ஏவி வந்தாலும், முதலில் காண்பவர் கிராமச் செவிலியர். அவர் பணியிடம் காலியாக இருந்தால் நாட்டின் காவல் வாசலே திறந்து கிடக்கிறது.

தடுப்பு மருந்தும் அப்படியே. 2008-ல் குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், கசௌலி ஆராய்ச்சி நிலையம் மூன்றின் உற்பத்தியையும் மத்திய சர்க்கார் நிறுத்தியது. தரக்குறைவைக் காரணம் காட்டினார்கள். குறையைத் திருத்தாமல் ஆலையை மூடுவது என்ன நியாயம்? எதிர்ப்புக்குப் பின் 2010-ல் தடையை நீக்கினார்கள். 2021-ல் கொரோனா மக்களை வாட்டியபோதும் செங்கல்பட்டு தடுப்பு மருந்து வளாகம் சும்மா கிடந்தது; தனியார் முதலாளிகள் விலை பேசினார்கள்.

நாம் கோருவது இதுதான்: சுகாதாரக் காலியிடங்களை நிரப்பு! துறைமுகப் பரிசோதனையைப் பலப்படுத்து! பொதுத்துறை மருந்து ஆலைகளை முழு அளவில் இயக்கு!